வயலின்கள் பெர்கனில் மாட்டிக்கொண்டன

கிளாக்ஸ்விக்,
திங்கட்கிழமை காலை.

அன்பு மகள் ரன்வாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், மேட்டில் மேயும் ஆடுகளும் அவற்றின் குட்டிகளும் நலம். அங்கே நீயும் காலினும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வாந்தி நின்றுவிட்டது, இப்போது சாப்பாடு இறங்குகிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கும் சாப்பாடு இறங்கியது. உங்கள் ஊரில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நான் பின்னி அனுப்பிய காலுறையைப் போட்டுக்கொள், அழகாக இல்லை என்று பெட்டியில் வைக்காதே. ஆடு பிடிக்கப் பண்ணை ஆட்கள் இருக்கிறார்கள், நீ பட்டிக்குள் இறங்காதே. உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகியும் பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொண்டிருப்பாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் கோபம் போய்விடும். என் எழுத்து கோணலாக இருக்கிறது என்று பயப்பட வேண்டாம், உடம்புக்கு ஒன்றும் இல்லை, சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

காலினுக்கும் படித்துச் சொல்வாய், அவனுக்கு விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். உன் அம்மாவை இந்த ஊரில் இசையமைப்பாளர் என்று யாரும் சொல்வதில்லை, இசையை வெட்டித் தைக்கிறவள் என்றுதான் சொல்கிறார்கள். பெரிய நகரங்களில் எண்பது பேர் உட்கார்ந்து வாசிப்பதற்காக மேதைகள் எழுதி வைத்ததை, நம் ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவுக்கும் தேவாலயத்து ஹார்மோனியத்துக்கும் பள்ளிக்கூடத்துப் புல்லாங்குழல்களுக்கும் அளவெடுத்து மாற்றி எழுதிக் கொடுப்பதுதான் இத்தனை வருஷமாக என் வேலை. யார் வந்திருக்கிறார்களோ அவர்களுக்கு எழுத வேண்டும். யார் வரவில்லையோ அவர்களுடைய சுரத்தை வேறு யார் கையிலாவது ஒளித்து வைக்க வேண்டும். அது எனக்கு நன்றாகவே வரும், அதில் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் கோபன்ஹேகனில் படித்த காலத்தில் ஒரு முழு இசைக்குழுவின் நடுவில் நின்று கேட்ட சத்தம் என் காதை விட்டு இறங்கவே இல்லை. அப்படி ஒரு குழுவுக்கு நானே ஒன்று எழுத வேண்டும் என்று நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது தொடங்கியதை, நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு நியூசிலாந்து போன பிறகுதான் முடித்தேன். நம் ஊர்ப் பாடகர் குழுவும் முழு இசைக்குழுவும் சேர்ந்து மூன்று பகுதி. முதல் பகுதி வேகம், நடுப் பகுதியில் நம் பழைய துதிப்பாடல், அவரவர் மூச்சுக்கு இழுத்துப் பாடுவோமே அது, கடைசிப் பகுதியில் எல்லோரும் ஒன்றாக. டென்மார்க்கிலிருந்து ஓர் இசைக்குழு இந்த வருஷப் படகுப் பந்தய விழாவுக்கு வந்து இதை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நம் பாடகர் குழு குளிர்காலம் முழுதும் பயிற்சி செய்தது. மீன் தொழிற்சாலையில் கைகளால் மீனை வெட்டிக்கொண்டே வாயால் என் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள் என்று அந்தக் குழுவில் பாடுகிற அஞ்சலக எல்ஸ்பா சொன்னாள்.

போன புதன்கிழமை பெரிய வாத்தியங்கள் கப்பலில் வந்து இறங்கின. விமானத்தில் ஏற்ற முடியாதவை, ஏற்றினால் உடைந்துவிடும் என்று அவற்றின் சொந்தக்காரர்கள் பயந்தவை. மூன்று டபுள் பாஸ், ஒரு ஹார்ப், டிரம்போன்கள், ஒரு டியூபா, பெரிய முரசுகள், அவற்றோடு அவற்றை வாசிப்பவர்கள். விமானம் என்றாலே வியர்க்கிறவர் என்பதால் குழுவை நடத்துகிற பிரேபென் லாவ்ரிட்சனும் அதே கப்பலில் வந்தார். மற்றவர்கள் எல்லாம், அதாவது வயலின்கள், செல்லோக்கள், குழல்கள், மதிய விமானத்தில். விமானம் வந்தது, விமான நிலையம் இருக்கிற வாகர் தீவுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றியது, கீழே மூடுபனி போர்வை போலக் கிடந்தது, இறங்க முடியாமல் திரும்பி நார்வேயில் பெர்கனில் போய் இறங்கிவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு இது செய்தியே இல்லை. பிரேபென் மட்டும் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நாளைக்கு வந்துடுவாங்கல்ல?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற உன் அப்பா சன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, "எந்த நாளைக்கு?" என்றார். அவரை நான் கிள்ளினேன்.

வியாழக்கிழமை காலையில் எதிர்வீட்டுக் கதவே தெரியவில்லை. பிரேபென் நம் சமையலறையில் உட்கார்ந்து தோட்டத்து ருபார்ப் தண்டில் நான் செய்த கேக்கை வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கவலை வந்தால் சாப்பிடுகிற ஆள் போலிருக்கிறது. பிறகு கரண்டியை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "பிரிதா, நான் சொல்றதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க. சனிக்கிழமையை விட்டுடுவோம். நவம்பர்ல எங்க ஊர்ல, எங்க அரங்கத்துல, முழுக் குழுவோட, நீங்க எழுதினது எழுதினபடி ஒரு புள்ளி குறையாம வாசிக்கிறோம். எங்க ஊர்லயும் பாடுறவங்க இருக்காங்க. உங்க பெயரை ஜனங்க முதல் தடவையா கேக்கப்போறாங்க, அதை அரைகுறையா கேக்கணுமா?" அவர் கெட்ட மனிதர் இல்லை ரன்வா. என் தாள்களை மடியில் வைத்து வரிக்கு வரி படித்திருந்தார், எந்த இடத்தில் எனக்கே சந்தேகமோ அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவர் சொன்னது நியாயம்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாகவும் இருந்தது. முழுக் குழுவை ஒரே ஒரு தடவையாவது கேட்டுவிட்டுச் சாக வேண்டும் என்று எத்தனையோ நாள் பாத்திரம் கழுவும்போது நினைத்திருக்கிறேன். இருங்கள், பாடகர் குழுவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பாடகர் குழு பயிற்சி செய்கிற விளையாட்டுக் கூடத்துக் கதவு வரை போய்விட்டேன். காலை வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள், பாதிப் பேர் தலையில் தொழிற்சாலைத் தொப்பிகூடக் கழற்றவில்லை. எனக்காகக் காத்திராமல் நடுப் பகுதியைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். டபுள் பாஸ்காரர்களில் ஒருவர், உயரமானவர், பொழுது போகாமல் அங்கே வந்து மூலையில் வாத்தியத்தை நிறுத்திக்கொண்டு, அவர்கள் பாட்டுக்கு அடியில் ஒரே ஒரு நீளமான சுரத்தை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். அது என் தாளில் இல்லாத சுரம். நான் கதவிலேயே நின்றுவிட்டேன். பாசத்தினால் என்று நினைக்காதே, தொழில்காரி காது கொடுத்து நிற்கிற நிற்பு அது. இது நிற்கும், இதன் மேல் கட்டலாம் என்று காது சொல்லிவிட்டது. எல்ஸ்பா என்னைப் பார்த்துவிட்டு, "என்ன மொகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு, டேனிஷ்காரன் கைய விரிச்சுட்டானா?" என்றாள். இல்லை, நீங்கள் பாடுங்கள், எனக்கு அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். அறுபது வயதில் மூடுபனியில் ஓடினேன், பேக்கரிக்காரர் கடையை விட்டு வெளியே வந்து எங்கே தீ என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் பிரேபெனிடம், "உங்ககிட்ட என்னென்ன இருக்கு, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றேன். அவர் எண்ணிச் சொல்லிவிட்டு, "இது அஸ்திவாரம் மட்டும் போட்ட வீடும்மா, இதுக்குக் கூரையே இல்லை" என்றார். "கூரைக்கு நான் ஆள் பிடிக்கிறேன், நீங்க அஸ்திவாரத்தைப் பாத்துக்குங்க" என்றேன். அவர் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது. வருஷக்கணக்காகச் செதுக்கி எழுதியதை நானே பென்சிலால் அடித்தேன். முதல் பகுதியில் வயலின்கள் மேலே ஏறி ஓடுகிற இடம் இருக்கிறதே, ஒரு குளிர்காலம் முழுக்க அதற்காகவே செலவழித்தேன் என்று உனக்குத் தெரியும். அதை அடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அடித்த மறு நிமிஷமே இதை யாரிடம் கொடுப்பது என்று மூளை ஓட ஆரம்பித்துவிட்டது, வருத்தப்பட நேரமே இல்லை. நம் பித்தளைக் குழுவின் கார்னெட்காரர்களிடம் கொடுத்தேன். அந்த வேகத்துக்கு அவர்கள் நாக்கு திரும்பாது, அதனால் இரண்டாகப் பிரித்து ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்கும்படி எழுதினேன், இரண்டு பேர் நின்று போர்வை மடிக்கிற மாதிரி. செல்லோக்களின் பாட்டை டபுள் பாஸ்களுக்கு உயரத்தில் எழுதினேன். அந்த உயரமானவர் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது செல்லோவோட வேலை, என்னைக் கூரை மேல ஏறச் சொல்றீங்க" என்றார். ஏறுங்கள், மேலே காற்று நன்றாக இருக்கும் என்றேன். குழல்கள் செய்ய வேண்டியதைப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு முனக வேண்டும். ஹார்ப் எல்லா இடத்திலும் ஓடி ஓடி வேலை செய்ய வேண்டும். அதை வாசிக்கிற பெண் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல், இன்னும் கொடுங்கள் இன்னும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். நான் எழுத எழுத எல்ஸ்பாவும் பிரேபெனும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பிரதி எடுத்தார்கள். சமையல் மேசை போதாமல் துணி தேய்க்கிற பலகையில் வைத்து எழுதினார்கள். உன் அப்பா தான் ஓட்டுகிற பயணிகள் படகிலிருந்து கடல் வரைபடக் கோல்களைக் கொண்டு வந்து கோடு போட்டுக் கொடுத்தார், ஐந்தைந்து கோடாக, ஒரு மயிரிழை பிசகாமல். இவ்வளவு வருஷம் கூட வாழ்ந்தும் எனக்கு இது உபயோகப்படும் என்று தோன்றவே இல்லையே என்று அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர், "கேட்டாத்தானே" என்றார்.

எல்லாம் ஆயிற்று, நடுப் பகுதி மட்டும் நின்றது. அங்கே நான் வயலின்களை மிக உயரத்தில், கேட்டும் கேட்காததுமாக, ஒரே சுரத்தில் நிறுத்தியிருந்தேன், அதன் கீழே துதிப்பாடல் வரும். கார்னெட் முழங்கும், ஹார்மோனியம் இரையும், எதுவும் சரியாக வரவில்லை. கடைசியில் மோர்ட்டனைக் கூப்பிட்டேன். ஆமாம், கல்யாணத்தில் அக்கார்டியன் வாசிக்கிற அதே மோர்ட்டன்தான், உன் கல்யாணத்தில் யாரும் கேட்காமலே மேசை மேல் ஏறி வாசித்தானே. அவன் தாளை வாங்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். "இதுல ஒரு சுரம்தான் இருக்கு" என்றான். ஆமாம் என்றேன். "பிரிதாக்கா, வடக்குத் தீவுல நான் வாசிக்காத கல்யாணம் உண்டா? என்னைக் கூட்டிட்டு வந்து ஒத்தை விரலை வச்சு அழுத்திக்கிட்டு உக்காரச் சொல்றீங்களே, ஊர்ல தலைகாட்ட முடியுமா?" என்றான். கொஞ்சமாவது அலங்காரம் பண்ணிக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். ஒரு சின்னச் சுழற்றல் வந்தாலும் உன்னை வெளியே அனுப்பிவிடுவேன் என்றேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த ஒற்றைச் சுரத்தை மெல்லப் பிடித்தான். துருத்தி விரிந்தது, திரும்பும் இடத்தில் லேசாக ஒரு காற்றுச் சத்தம், பிறகு மறுபடி விரிந்தது. பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மூச்சு வாங்குகிற இடமும் துருத்தி திரும்புகிற இடமும் ஒரு முறை ஒன்றாக வந்தன, அடுத்த முறை தள்ளி வந்தன, மறுபடி ஒன்றாக வந்தன. எனக்குக் கையெல்லாம் புல்லரித்தது. வயலினுக்கு மூச்சு கிடையாது ரன்வா. மூச்சுக்கு மூச்சு இழுத்துப் பாடுகிற பாட்டின் தலைக்கு மேல் மூச்சே விடாத ஒன்றை நிறுத்தி வைத்திருந்தேன். ஏதோ குறைகிறது ஏதோ குறைகிறது என்று இத்தனை வருஷமும் திருத்தித் திருத்தி எழுதினேன், குறைந்தது இதுதான். பிரேபென் என் தோளைத் தட்டினார். மோர்ட்டன் வாசித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு போல" என்றான், சுரத்தைக் கண்டுபிடித்ததே அவன் என்கிற மாதிரி.

சனிக்கிழமை மதியம் மூடுபனி கலைந்தது. படகுப் பந்தயக்காரர்கள் கரையில் நின்று கத்துகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன், குனோய் மலை உச்சி வரை பளிச்சென்று நின்றது. ஒரு மணி நேரத்தில் தொலைபேசி வந்தது, விமானம் வாகரில் இறங்கிவிட்டது, வயலின்கள் பஸ் ஏறிவிட்டன. பிரேபென் சின்னப் பிள்ளை போலக் குதித்தார். "பழைய தாளை எடுங்க, எல்லாம் பழையபடியே வாசிச்சுடலாம்" என்றார். எனக்கு அது சந்தோஷமா பயமா என்றே தெரியவில்லை. அவர்கள் அந்தப் பக்கம் வெஸ்ட்மன்னா படகைப் பிடித்து, மறுபடி பஸ் ஏறி, லெய்ர்விக் துறைக்கு வந்து சேருவதற்குள் அங்கிருந்து இங்கே வருகிற உன் அப்பாவின் படகு புறப்பட்டுவிடும், அடுத்த படகு நிகழ்ச்சி முடிந்த பிறகுதான். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? படகைக் கட்டி வைத்துக்கொண்டு, இயந்திரத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஒரு கிடாவோடு நின்ற ஆள், "எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே" என்று சண்டைக்கு வந்திருக்கிறான். "அதான் கேக்கல, அதைத்தான் பாக்கணும்" என்றாராம். வாழ்க்கையில் ஒரு நிமிஷம் தாமதமாகக் கிளம்பாத மனிதர் எனக்காகப் பொய் சொன்னார். வயலின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஓடி வந்து ஏறியதும் இயந்திரம் தானாகச் சரியாகிவிட்டது.

கூடம் நிரம்பி, சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றிருந்தார்கள். மேடையில் நம் பித்தளைக் குழு, டேனிஷ்காரர்கள், மோர்ட்டன் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், மோர்ட்டன் புது மேல்சட்டை வாங்கிப் போட்டிருந்தான், சீப்பால் தலையை ஈரமாகப் படிய வாரியிருந்தான். அப்போது பக்கவாட்டுக் கதவு வழியாக வயலின்காரர்கள் உள்ளே வந்தார்கள், முகமெல்லாம் வெளுத்து, கோட்டெல்லாம் கசங்கி. அவர்களுக்குத் தலைவி போடில் என்று ஓர் அம்மாள், ஒல்லியாக, கண் மட்டும் கூர்மையாக. மேடையில் இருந்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. பிரேபென் என்னைப் பார்த்தார், போடில் என்னைப் பார்த்தாள், மோர்ட்டன் மட்டும் யாரையும் பார்க்காமல் அக்கார்டியனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட முழுக் குழு கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது ரன்வா, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதும். நான், "இன்னிக்கு உக்காந்திருக்கிறவங்க வாசிப்பாங்க" என்றேன். போடிலுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "மூணு ராத்திரி பெர்கன்ல விமான நிலையத்து பெஞ்சில படுத்துக்கிடந்து, ரெண்டு பஸ்ஸும் ரெண்டு படகும் மாறி வந்திருக்கோம். எங்களுக்கு நாற்காலி கிடையாதா?" என்றாள். கிடைக்கும், முன்வரிசையில், உட்கார்ந்து கேளுங்கள் என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

வாசித்தார்கள். முதல் பகுதியில் ஒரு கார்னெட் ஓர் இடத்தில் தடுக்கி விழுந்தது, இன்னொன்று கை கொடுத்துத் தூக்கிவிட்டது, யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் பிரேபெனுக்கும் தெரியும். உயரமான டபுள் பாஸ்காரர் கூரை மேல் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நடுப் பகுதியில் மோர்ட்டன் ஒரு சுழற்றலும் இல்லாமல் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்தான். பெண்கள் பாட ஆரம்பித்தார்கள், சுவரோரம் நின்ற கிழவர்கள் சிலர் தங்களையும் அறியாமல் சேர்ந்து இழுத்தார்கள், நான் அதைத் தாளில் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. ஐயோ போயிற்று என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், எழுந்து நின்ற பிறகுதான் தட்ட வேண்டும் என்றே அவர்களுக்கு ஞாபகம் வந்தது. எல்ஸ்பா மேடையில் இருந்தபடியே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காப்பி கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் போடில் நேராக என்னிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். "நல்லா இருந்தது. ஆனா இதே இசைக்கான தாளை நானும் தூக்கிட்டு வந்திருக்கேன், வாசிக்காம திரும்பிப் போற பழக்கம் எனக்கில்லை. காப்பி குடிச்சுட்டு உக்காரச் சொல்லுங்க, இப்ப எங்க முறை" என்றாள். அறிவித்தேன், யாரும் வீட்டுக்குப் போகவில்லை, கிடாவோடு வந்த ஆள்கூடப் போகவில்லை. இந்தத் தடவை நான் கீழே, மோர்ட்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதல் பகுதியில் வயலின்கள் அந்த இடத்தில் மேலே ஏறி ஓடின. அதை எப்படி எழுதுவேன். உன் தலையைப் பின்னிவிடும்போதெல்லாம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம், அன்றைக்கு முதல் தடவையாக வெளியிலிருந்து என் காதுக்குள் வந்தது. கடவுளே, கோபன்ஹேகனில் கேட்ட அதே சத்தம், என்னுடையது. அழுதேன், மறைக்க மாட்டேன். நடுப் பகுதி வந்தது. வயலின்கள் அழகாக, கண்ணாடி போல நின்றன. ஆனால் பாட்டு ஒரு பக்கம், அது ஒரு பக்கம். மோர்ட்டன் என் காதருகே குனிந்து, "நான் இல்லாம இது நிக்கலை, இல்லக்கா?" என்றான். ஆமாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இனி அவனோடு இந்த ஊரில் குடியிருக்க முடியாது.

நேற்று அவர்கள் கிளம்புவதற்கு முன்பு பிரேபெனும் போடிலும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்று எழுதிக் கொடுங்கள், முதலும் கடைசியும் முழுக் குழுவுக்கு, நடுவில் அக்கார்டியன், நவம்பரில் எங்கள் அரங்கத்தில் வாசிக்கிறோம், உங்கள் பாடகர் குழுவையும் மோர்ட்டனையும் நாங்களே அழைத்துப் போகிறோம் என்றார்கள். மனதுக்குள் அதை ஏற்கெனவே எழுத ஆரம்பித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தேதி என்று பிரேபெனிடம் கேட்டேன். சொன்னார். நாள்காட்டியைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, உனக்கு நாள் குறித்திருக்கிற அதே வாரம். நான் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், ஆனால் நான் வர மாட்டேன், அந்த வாரம் நியூசிலாந்தில் இருப்பேன் என்றேன். பிரேபென் திகைத்துவிட்டார். "எழுதினவங்க இல்லாம முதல் நிகழ்ச்சியா? வேணும்னா தேதியைத் தள்ளிப் பாக்கறேன், அரங்கம் கிடைக்கிறது கஷ்டம்" என்றார். "தள்ள வேண்டாம். முதல் நிகழ்ச்சி சனிக்கிழமையே முடிஞ்சுபோச்சு. ஒரே நாள்ல ரெண்டு தடவை கேட்டுட்டேன். என் பேத்தியோட குரலைத்தான் இன்னும் கேக்கல" என்றேன். போடில் சிரித்துவிட்டாள், அந்த அம்மாளுக்குச் சிரிக்கவும் தெரிகிறது. பேத்தி என்று எப்படித் தெரியும் என்று கேட்காதே, வாயில் அப்படி வந்துவிட்டது, பேரனாக இருந்தாலும் அதே சந்தோஷம்தான்.

ஆகவே, அம்மாவுக்கு வேலை இருந்தால் வர வேண்டாம், நான் சமாளித்துக்கொள்வேன் என்று நீ எழுதியிருந்தாயே, அதை இனிமேல் எழுதாதே. அக்டோபர் கடைசியில் நான் அங்கே இருப்பேன், அப்பா குளிர்காலத்தில் படகை விட்டு வர முடியாது, பிறகு வருவார், ஆனால் தொட்டில் செய்து என்னோடு அனுப்புவதாக இருக்கிறார், கோடு போட்ட கையல்லவா, நன்றாகத்தான் செய்வார். உங்கள் நாட்டில் காய்ந்த ஆட்டிறைச்சியைச் சுங்கத்தில் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள் என்று எல்ஸ்பா சொன்னாள், அதனால் அது இல்லை, கம்பளி நிறைய கொண்டு வருகிறேன், ருபார்ப் ஜாமை விடுவார்களா என்று காலினைக் கேட்டு எழுது. நீயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராக ஆக வேண்டும், கடவுள் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். மறக்காமல் ஒவ்வொரு வாரமும் மருத்துவச்சியிடம் போ, காலுறை போடு. பிரேபென் நவம்பரில் மேடையில் கையைத் தூக்குகிற நேரத்தில் உங்கள் ஊரில் மறுநாள் காலையாக இருக்கும், நீயும் நானும் ஒரு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், அங்கே மோர்ட்டன் சுழற்றலைச் சேர்த்துவிடாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் கவலையாக இருக்கும்.

முத்தங்களோடு,
உன் அம்மா
பிரிதா